பூப்போட்ட டயரை வேண்டாம் என்ற நரி

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது. வேறு யாரோ என்று நினைத்துவிட வேண்டாம், அது நான்தான். இந்தக் கதையை வேறு யாராவது சொன்னால் என்னைத் தந்திரசாலி என்று சொல்லிவிடுவார்கள். ஏற்கெனவே அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நான் இந்த நிலைக்கு வந்தேன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நரி என்றால் மூளை என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு. அதைக் கிளப்பிவிட்டது யாரென்று தெரிந்தால் நேரில் போய்ச் சண்டை போடுவேன். என்னிடம் யாரும் "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டதே இல்லை. "உங்களுக்குத் தெரியாததா?" என்றுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்கிறவர்களிடம் தெரியாது என்று சொல்ல எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. வாஷிங் மெஷின் முதல் வயிற்றுவலி வரை எல்லாவற்றுக்கும் யோசனை சொல்லியிருக்கிறேன். சிலர் பிழைத்தும் இருக்கிறார்கள்.

வெயில் காட்டில் பிழைப்பு சரியில்லை என்று நானும் என் மனைவி அம்சவேணியும் ஒரு கோடையில் குளிர்மலைக் காட்டுக்குக் குடிவந்தோம். மலை உச்சியில் இருந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தற்காலிக நர்ஸ் வேலை கிடைத்தது. எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என் மூளைக்குத் தகுந்த வேலை அந்தக் காட்டில் இல்லை என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். அவளும் சமைத்துப் போட்டாள்.

அவள் போய்வர ஒரு கார் வாங்கினோம். அதாவது சம்பளம் அவளுடையது, தேர்வு என்னுடையது. தரையோடு ஒட்டிக்கொண்டு போகும் இரண்டு கதவுச் சிவப்புக் கார். ஸ்போர்ட்ஸ் கார். பின்னால் ஒரு இறக்கைகூட உண்டு. அது எதற்கு என்று கேட்டாள். காற்றை அமுக்க என்றேன். காற்றை ஏன் அமுக்க வேண்டும் என்று கேட்டாள். எனக்கு அவசர வேலை வந்துவிட்டது.

இலையுதிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் நிரந்தர நர்ஸ் வேலை ஒன்றே ஒன்று காலியானது. தற்காலிகமாக இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அம்சவேணி. இன்னொருத்தி பக்கத்துப் பொந்துக் கீரி பரிமளம். இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள். ஆர்டரை நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று இரண்டு பேருமே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். இன்டர்வியூவில் இருவருக்கும் ஒரே மார்க். தலைமை டாக்டரான யானை நன்றாக யோசித்து, புது வருஷத்தின் முதல் வேலைநாளில் யார் முதலில் வந்து கையெழுத்துப் போடுகிறாரோ அவருக்கே வேலை என்று அறிவித்தார். மற்றவர் அன்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"யாருக்குக் கிடைச்சாலும் நமக்குள்ள ஒண்ணும் இல்லடி" என்றாள் அம்சவேணி.

"சத்தியமா ஒண்ணும் இல்ல அண்ணி" என்றாள் பரிமளம்.

அப்போதுதான் காட்டில் டயர் பேச்சு ஆரம்பித்தது. கோடை டயர் குளிரில் கட்டை மாதிரி இறுகிவிடும், பனி விழுவதற்குள் குளிர்கால டயர் மாற்றியாக வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நாங்கள் பனியைப் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் பனி என்பது மார்கழிக் காலையில் புல்லில் இருக்கும் ஈரம். அதற்குப் போய்த் தனியாக ஒரு டயரா என்று எனக்குள் ஒரு சந்தேகம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "டயர் விஷயத்தை என்கிட்ட விடு" என்றேன். அவள் விட்டாள். அவள் வாழ்க்கையில் செய்த தவறுகளில் இது இரண்டாவது. முதலாவது என்னவென்று கேட்காதீர்கள், எங்கள் கல்யாணப் பத்திரிகை இன்னும் சுவரில் இருக்கிறது.

நாள் முழுக்கப் போனில் டயர் வீடியோ பார்த்தேன். ஓநாய் ஒன்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காய்ந்த சாலையில் காரைச் சுழற்றிச் சுழற்றி ஓட்டிக் காட்டியது. அதற்கு லட்சக்கணக்கில் ரசிகர்கள். பனியில் ஒல்லியான டயர்தான் நல்லது, அது பனியைக் கிழித்துக்கொண்டு கீழே தரையைப் பிடிக்கும், அகல டயர் பனிக்கு மேலேயே வழுக்கிக்கொண்டு போகும் என்று ஒரு மலையாடும் வீடியோ போட்டிருந்தது. அதைப் பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

காட்டில் டயர் கடை ஒன்றுதான். முதலாளி கரடி மாசிலாமணி. அவர் வருஷாவருஷம் முதல் பனி விழுவதற்குள் கடையை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளேயே படுத்துவிடுவார். எழுந்திருப்பது வசந்தத்தில்தான். அதாவது, குளிர்கால டயர் விற்றே சம்பாதித்த அவர் குளிர்காலத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. இது எந்த மடையனுக்கும் தோன்றியிருக்கும். நான் மூளைக்காரன், எனக்குத் தோன்றவில்லை.

நானும் அம்சவேணியும் போனபோதே அவருக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. இரண்டு செட் எடுத்துப் போட்டார். ஒன்று சின்ன இரும்பு வீல், கறுப்புப் பெயின்ட், ஒல்லி டயர். டயரின் பக்கவாட்டில் ஒரு மலைப் படம், மலைக்குள் ஒரு பூ. இன்னொன்று பெரிய அலாய் வீல், தங்க நிறம், நட்சத்திரம் மாதிரி ஐந்து கம்பி, அகலமான டயர். அதில் பூ இல்லை, ஒரு மின்னல் இருந்தது.

"குளிருக்கு எல்லாரும் இந்தப் பூப்போட்டதத்தான் சார் கேக்கறாங்க" என்று கரடி கொட்டாவி விட்டார்.

"இது என்ன பூ?" என்றேன்.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். "ஆறு இதழ் இருக்கு. மலைப்பூ ஏதாவது இருக்கும்."

"டயர்ல எதுக்குப் பூ?"

"அழகுக்குத்தான். உங்களுக்குத் தெரியாததா சார்?"

கேட்டுவிட்டாரா? இனி நான் பின்வாங்க முடியாது. "பூப்போட்ட டயரெல்லாம் கல்யாணத்துக்குப் போற வேனுக்குப் போடறது. நம்மது ஸ்போர்ட்ஸ் கார்" என்றேன்.

அம்சவேணி அந்தப் பூவைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு? எல்லாரும் வாங்கறாங்கன்னா ஏதோ காரணம் இருக்கும்ங்க."

"அகலமான டயர்தான் தரையை நல்லாப் பிடிக்கும் அம்சா. அதுவும் இந்தத் துளியூண்டு இரும்பு வீலைப் போட்டா, கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு ரப்பர் செருப்போட நிக்கிற மாதிரி இருக்கும். பாக்கறவங்க சிரிப்பாங்க."

"பாக்கறவங்களா எனக்குச் சம்பளம் தராங்க?" என்றவள், கரடியிடம் திரும்பினாள். "அண்ணே, இந்தத் தங்கக் கலர் குளிருக்கு ஆகுமா?"

"தாராளமா ஆகும்மா. நான் கடை வெச்சதுலேருந்து குளிர்காலத்துல ஒருத்தரும் வந்து குறை சொன்னதில்ல."

இதைவிட என்ன வேண்டும்? தங்க நிற வீலை மாட்டினோம். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துக் காரை நகர்த்தினேன். நாலும் பச்சென்று நசுங்கின. அந்த டயருக்கு நாங்கள் வைத்த பரீட்சை அது ஒன்றுதான்.

மறுநாள் பரிமளம் வந்தாள். அவளிடமும் ஒரு குட்டிக் கார் இருந்தது. "அண்ணே, நான் அந்தப் பூப்போட்ட டயரை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். அது சரிதானே? எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியல."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் பாருங்கள், புரியவில்லை என்று. எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது. அகலத்தைப் பற்றியும் அலாயைப் பற்றியும் அவளுக்கு நெடுநேரம் வகுப்பு எடுத்தேன். நடுநடுவே ஓநாய் சொன்ன வார்த்தைகளைத் தூவினேன். அவள் பூப்போட்டதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் வாங்கியதைப் போலவே வெள்ளி நிறத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டாள். "நீங்க இல்லேன்னா நான் ஏமாந்திருப்பேன் அண்ணே" என்று கைகூப்பினாள். அன்றைக்கு எனக்கு இரண்டு தட்டுச் சோறு உள்ளே போனது.

கரடி தூங்கப் போனார். புது வருஷம் பிறந்தது. முதல் வேலைநாள் காலையில் கதவைத் திறந்தேன். காட்டைக் காணவில்லை. பாதை, புதர், பக்கத்துப் பொந்து எல்லாம் வெள்ளை. புல்லின் ஈரத்தை எதிர்பார்த்து வந்தவன் வயிறு வரை புதைந்து நின்றேன். அப்போது என் மூக்கின் மேல் ஏதோ வந்து உட்கார்ந்தது. கண்ணைக் குறுக்கிப் பார்த்தேன். ஒரு பூ. ஆறு இதழ். டயரில் பார்த்த அதே பூ.

அது பூ இல்லை, பனித்துகள், டயரில் போட்டிருந்தது பனிக்கான அடையாளம் என்று புரிவதற்குள் அது உருகியும் விட்டது.

அம்சவேணி பையோடு வந்து காரில் ஏறினாள். பூ விஷயத்தை அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். கார் கிளம்பியது, ஆனால் போகவில்லை. தங்கச் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே ஜோராகச் சுற்றின. பிறகு கார் நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல், பக்கவாட்டில் நகர்ந்து போய்ப் புதருக்குள் உட்கார்ந்துகொண்டது. பின்னால் இருந்த இறக்கை மட்டும் வெளியே தெரிந்தது.

நான் டயர் கடைக்கு ஓடினேன். ஷட்டரைத் தட்டினேன், உதைத்தேன். உள்ளேயிருந்து நிம்மதியான குறட்டை வந்தது. திரும்பி வந்தால், அம்சவேணி ஷூவைக் கழற்றிவிட்டுப் பையை முதுகில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"நடக்கப் போறேன். எனக்கு நாலு கால் இருக்கு, நகம் இருக்கு."

சாலையை விட்டுவிட்டு, குறுக்கு வழியில் நேராக மலையேறி நடந்தாள். அவளுடைய ஒல்லிக் கால்கள் பனியைக் குத்திக்கொண்டு இறங்கி மண்ணைப் பிடித்தன. மலையாட்டின் வீடியோவைக் கடைசிவரை பார்த்திருக்கலாம். கொஞ்ச தூரம் போனவள் நின்று திரும்பினாள். "பரிமளத்துக்கும் நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

சாயங்காலம் திரும்பி வந்தாள். வேலை அவளுக்குக் கிடைத்துவிட்டது. முகத்தில் சந்தோஷம் இல்லை. பரிமளத்தின் கார் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே மாட்டிக்கொண்டதாம். இறங்கி நடக்கலாம் என்றால் கீரியின் தலைக்கு மேல் பனி. மதியத்துக்கு மேல்தான் யானை வந்து துதிக்கையால் தூக்கி எடுத்தாராம்.

"அவகிட்ட போயி, தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லுங்க" என்றாள் அம்சவேணி.

"சொல்றேன்" என்றேன். உண்மையிலேயே சொல்வதாகத்தான் இருந்தேன்.

ஆனால் அதற்குள் காடு முழுக்க வேறு பேச்சு கிளம்பிவிட்டது. வாசலில் கூட்டம். முன்னால் காட்டெருமை, பக்கத்தில் முள்ளம்பன்றி. "நரின்னா நரிதான்யா! போட்டிக்காரிக்குத் தப்பான டயரச் சொல்லிக் குடுத்து, சந்தேகம் வரக்கூடாதுன்னு தன் காருக்கும் அதையே போட்டு, பெண்டாட்டிய நைசா நடக்க வெச்சு ஜெயிச்சுட்டான் பாரு!" என்று காட்டெருமை வியந்துகொண்டிருந்தார். இது கேவலமான பாராட்டு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் என் வால் தானாக நிமிர்ந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பரிமளம் வந்தாள். ரோமமெல்லாம் ஈரம். நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இவங்க என்னென்னமோ பேசறாங்க. நான் நம்பல" என்றாள். "வண்டி சுத்திக்கிட்டே நிக்குது, நான் ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டே இருக்கேன். அண்ணன் சொன்ன டயராச்சே, எப்படியும் ஏறிடும்னு. யாரையாவது கூப்பிடணும்னுகூடத் தோணல. வேலை போனா போகட்டும் அண்ணே. அண்ணிக்குத்தானே கிடைச்சிருக்கு. தெரியாம சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அம்சவேணி கதவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். நான் பரிமளத்தைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அவள் நல்லவள், அவள் கேட்டது ஒரே ஒரு வார்த்தை, அதுவும் சத்தியமான வார்த்தை. பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற அத்தனை முகங்களையும் பார்த்தேன். அத்தனையிலும் மரியாதை. கெட்டவன் என்று பேர் வாங்கினால் தாங்கிக்கொள்ளலாம். முட்டாள் என்று வாங்கிவிட்டு இந்தக் காட்டில் எப்படி நடமாடுவது?

"எல்லாம் யோசிச்சுப் பண்ணினதுதான்" என்றேன்.

கூட்டத்தில் "அடேயப்பா!" என்று ஒரு சத்தம் எழுந்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

"சரிங்க நரியாரே" என்றாள் பரிமளம். திரும்பிப் பனியில் விழுந்து எழுந்து போனாள்.

கூட்டம் கலைந்ததும் நான் வீட்டுக்குள் போகத் திரும்பினேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். "அம்சா" என்று கூப்பிட்டேன். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. காட்டெருமை இன்னும் போகாமல் பணிவாக நின்றுகொண்டிருந்தார். அவருடைய மகனுக்குப் பெண் பார்க்கிறார்களாம், நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். சொன்னேன். விலாவாரியாகச் சொன்னேன்.

இதனால் நரிகளுக்கு விளங்கும் நீதி: தெரியாமல் செய்துவிட்டேன் என்றால் மன்னிப்பு மட்டும்தான் கிடைக்கும், தெரிந்தே செய்தேன் என்று சொல்லிவிட்டால் ஊர் மரியாதை கிடைக்கும், வசந்தம் வரை தூங்குவதற்குப் புதருக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் கிடைக்கும்.