கறுப்புக்கொடியும் கார்ட்டூன் படமும்

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இலுப்பூருக்குச் சமுதாயக்கூடம் வேண்டுமென்று தாலுகா ஆபீஸ் வாசலில் வெயிலில் படுத்துக் கிடந்தவன் நான். கூடம் வந்தது. கல்வெட்டில் ஆவுடையப்பன் என்ற என் பெயர் வரவில்லை. இரண்டாவது, குடிநீர்ப் போராட்டம். தடியடியில் என் மண்டை உடைந்தது பத்திரிகையில் வந்தது. மண்டை யாருடையது என்று போடவில்லை. மூன்றாவது, பேருந்து மறியல் துண்டறிக்கை. கருத்து என்னுடையது, நடை என்னுடையது, அச்சுப்பிழைகூட என்னுடையது. பெயர் வரிசையில் நான் ‘மற்றும் பலர்’.

நான்காவதுதான் தாங்க முடியாதது. அதே சமுதாயக்கூடத்தில் சிறுவர்களுக்கு அனிமேஷன் திரைவிழா. நோட்டீசில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, மைக்செட் என்று எல்லாருக்கும் பெயர் இருந்தது. ‘விழா ஏற்பாடு: மகளிர் குழு அமராவதி’ என்று என் மனைவிக்குக்கூட இருந்தது. எனக்கு ‘அனைவரும் வருக’.

இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு முழங்கினேன்.

“நாளைக்கு விழா வாசலில் கறுப்புக்கொடி!”

“சட்னி வேணுமா வேணாமா?”

“என் பெயர் அந்த ஒலிபெருக்கியில் ஒலிக்கும்வரை ஓயமாட்டேன்!”

“அம்புட்டுத்தானா? நன்றியுரை சொல்ற ஹரிணி டீச்சர்ட்ட சொல்லிப் படிக்கச் சொல்றேன்.”

“சிபாரிசில் வரும் பெயர் எனக்கு வேண்டாம். என் கொடிக்காகப் படிக்க வேண்டும்.”

“சரிங்க. கொடி புடிக்க ஆளு?”

“தோழர்கள் திரள்வார்கள்.”

“எந்தத் தோழரு? பாதிப் பேரு துபாய்ல. மிச்சப் பேரு மாலை போட்ட போட்டோல.”

போன ஆர்ப்பாட்டத்துக்கு வந்தது நானும் பக்கத்து வீட்டு ஆண்டியப்பனும்தான். நான் கோஷம் போட்டேன், அவர் திருப்பிச் சொன்னார். பாதியில் அவருக்குப் போன் வந்துவிட்டது. அப்புறம் நானே போட்டு நானே திருப்பிச் சொன்னேன்.

ஆனாலும் ஆயுதம் இருந்தது. கட்டிலடி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். எங்கள் கொடி கைக்குட்டைக் கொடியல்ல. ஒவ்வொன்றும் போர்வை அகலம். மந்திரிகளின் கார் வழி மாறிப் போகக் காரணமான கொடிகள்.

அமராவதி மூக்கைப் பொத்தினாள். “ஒரே எலிப்புழுக்கை நாத்தம். இதைக் காட்டினா அவுக பயந்து ஓட மாட்டாக, மூக்கைப் புடிச்சுக்கிட்டுத்தான் ஓடுவாக. குடுங்க, தொவைச்சுத் தாரேன்.”

நெகிழ்ந்துவிட்டேன். கல்யாணமான நாள் முதல் இயக்கத்துக்கு அவள் செய்யும் முதல் தொண்டு. பெட்டியோடு கொடுத்தேன்.

மறுநாள் வீட்டில் அவளும் இல்லை, கொடியும் இல்லை. போன் போட்டேன்.

“கொடி எங்கே?”

“காயுதுங்க.”

“எங்கே காயுது?”

“நம்ம வீட்ல ஏது வெயிலு? எல்லாம் மாமரத்து நெழலு. இங்கிட்டுக் கூடத்துச் சன்னல்ல போட்டுருக்கேன். வந்து எடுத்துக்கங்க.”

ஆண்டியப்பனை இழுத்துக்கொண்டு போனேன். கூடத்தின் அத்தனை சன்னல்களிலும் என் கொடிகள். ஈரத்துணியை ஆணியடித்துக் காயவைக்கும் வழக்கத்தை அன்றுதான் பார்த்தேன். உள்ளே பட்டப்பகலில் கும்மிருட்டு. தரை தெரியாமல் பிள்ளைகள். திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு கொடியின் முனையைப் பிடுங்கினேன். வெயில் நேராகப் போய்த் திரையில் விழுந்தது. படம் வெளுத்துப் போயிற்று.

“ஏய் தாத்தா! மூடு! மூடு!”

நூற்றுக்கணக்கான தொண்டைகள், ஒரே குரல். ஆயுள் முழுக்க நான் திரட்ட முடியாத கூட்டம் எனக்கு எதிராகத் திரண்டது. கோஷத்தில் ஒரு பிசிறில்லை. ஆண்டியப்பனும் அங்கிட்டுச் சேர்ந்துகொண்டார்.

“மூடுங்கண்ணே! தவளை என்னாச்சுன்னு பாக்கணும்!”

மூடினேன். உட்கார்ந்தேன்.

படத்தில் ஒரு கிழட்டுத் தவளை. குளம் வற்றிவிட்டது. மற்றத் தவளைகள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. இது மட்டும் வெடித்த சேற்றில் உட்கார்ந்து மழை கேட்டுக் கத்துகிறது. காது கொடுக்க ஒரு பூச்சிகூட இல்லை. வசனம் கிடையாது. ஆனாலும் அது பேசியதெல்லாம் எனக்குப் புரிந்தது. கடைசியில் மழை வந்தது. போனவையெல்லாம் திரும்பி வந்து கும்மாளமாக நீந்தின. யார் கத்தி வந்த மழை என்று ஒன்றுகூட விசாரிக்கவில்லை. கிழம் ஒரு கல்லின் மேல் ஏறி, வாயை மூடிக்கொண்டு, அவற்றைப் பார்த்தபடி இருந்தது.

கண்ணைத் துடைத்தேன். நல்லவேளை, இருட்டு.

“அழுவுறீங்களா?” அமராவதி எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை.

“கொடித் தூசி.”

“நான் தொவைச்ச துணியில ஏதுங்க தூசி?”

விளக்கு எரிந்தது. நன்றியுரைக்கு ஹரிணி டீச்சர் மைக்கைப் பிடித்தார். முன்வரிசையில் கவுன்சிலர் இருந்தார். ஒரு காலத்தில் என்னை வேனில் ஏற்றிய ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் இருந்தார். என் நாற்பது வருஷத்து எதிரிகளில் உயிரோடிருப்பவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

“சன்னலுக்குத் திரை இல்லாம நம்ம விழாவே நின்னு போற நெலமை. கேக்காமலே ஒருத்தர் குடுத்து ஒதவினாரு. எல்லாரும் கைதட்டுங்க பிள்ளைகளா!”

தட்டினார்கள். கூடம் அதிர்ந்தது. ஒலிபெருக்கியும் ஒலித்தது.

“கறுப்புத் துணி உபயம்: தோழர் ஆவுடையப்பன்!”