எந்தப் பழைய ஊர்?

வட்டக்கச்சியில் ஏரம்பரின் வீட்டில் அன்று பின்னேரம் இருந்தவர்கள் மூவர். கைபிடி உள்ள ஒரே கதிரையில் பெண்ணின் தகப்பன் கனகலிங்கத்தார். எதிரே வாங்கில், பாதி மட்டும் குந்தியபடி ஏரம்பர். வாங்கின் மறு நுனியில், இந்தச் சம்பந்தத்தைப் பேசிவிட்ட ஏரம்பரின் மைத்துனர் தவராசா, கையில் கடிதத்துடன். குசினி வாசலில் சாய்ந்து நின்ற ஏரம்பரின் மனைவி அன்னபாக்கியத்தை இருந்தவர்களோடு சேர்க்க முடியாது. அவர் கடைசிவரை இருக்கவேயில்லை.

கடிதம் ஏரம்பரின் மகன் யோகநாதன் எழுதியது. வாய்க்கால் வேலை படிக்கவென்று ஒல்லாந்துக்கு அனுப்பப்பட்டவன். கனகலிங்கத்தாரின் மகள் அருந்ததியை அவனுக்குக் கொடுப்பதென்றும், தை பிறந்ததும் நாள் வைப்பதென்றும் பேச்சு. பெருமைக்காகத்தான் ஏரம்பர் கடிதத்தை வாசிக்கச் சொன்னார்.

தவராசா தொண்டையைச் செருமினார். "'ஞாயிற்றுக்கிழமை பழைய ஊர் முழுவதையும் கால்நடையாகச் சுற்றிப் பார்த்தேன்.'"

கனகலிங்கத்தாரின் தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"பழைய ஊரையோ?"

வட்டக்கச்சியில் பழைய ஊர் என்றால் ஒன்றுதான். குடியேற்றக் காணி கிடைத்து வந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த ஊருக்கு அதுதான் பெயர்.

"சம்மந்தி, தம்பி ஒல்லாந்திலை எண்டல்லோ சொன்னனீங்கள்?"

"ஒல்லாந்திலைதான்."

"பிறகென்னண்டு ஞாயிற்றுக்கிழமை பழைய ஊரைச் சுற்றினவர்?"

"அது அங்கத்தைப் பழைய ஊர். மச்சான், கீழை வாசி. விளங்கும்."

"'முந்தி ஒல்லாந்தர் கட்டிய கோட்டைச் சுவரும் அகழியும் அப்படியே இருக்கின்றன. பெரிய தேவாலயமும் உண்டு.'"

"பாத்தியளோ, ஒல்லாந்தர்," என்றார் ஏரம்பர்.

"யாழ்ப்பாணத்துக் கோட்டையை ஆர் கட்டினது?"

ஏரம்பர் யோசித்தார். ஒல்லாந்தர்தான். அகழியும் இருந்தது. உள்ளே தேவாலயமும் இருந்தது.

"இஞ்சை ஒண்டு கட்டினவங்கள் தங்கடை ஊரிலையும் ஒண்டு கட்டமாட்டாங்களோ?"

"இஞ்சை பறங்கியை மறிக்கக் கட்டினவங்கள். தங்கடை ஊரிலை ஆரை மறிக்கிறது?"

ஏரம்பர் தவராசாவின் பக்கம் திரும்பினார். "கீழை வாசி," என்றார்.

"'ஒழுங்கைகள் மெத்த ஒடுக்கம். எல்லாரும் சைக்கிளில்தான் போகிறார்கள். ஒதுங்கி நின்றே கால் உளைந்துவிட்டது.'"

"இது யாழ்ப்பாணமேதான்," என்றார் கனகலிங்கத்தார்.

"'சில தெருக்களின் நடுவே வாய்க்கால் ஓடுகிறது. வாசற்படியிலேயே வள்ளம் கட்டியிருக்கிறார்கள்.'"

"இதுக்கு என்ன சொல்லுறியள்?" ஏரம்பருக்கு உயிர் வந்தது.

"மாரியிலை எங்கடை ஒழுங்கையும் உப்பிடித்தான். கொண்ணர் வள்ளம் வைச்சிருக்கிறவர்தானே."

பழைய ஊரிலேயே தங்கிவிட்ட ஏரம்பரின் தமையனிடம் வள்ளம் இருந்தது உண்மை. அந்தத் தமையனின் மனைவிக்குக் கலியாண வயதில் ஒரு தமக்கை மகள் அதே வீட்டில் இருந்ததும் உண்மை. ஏரம்பருக்கே இப்போது சந்தேகம் வந்தது. யோகநாதன் கப்பல் ஏறியதை யார் கண்டது? கிளிநொச்சி ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிட்டதோடு எல்லாரும் திரும்பிவிட்டார்கள்.

"உறையைக் காட்டுங்கோ. முத்திரை சொல்லும்," என்றார் கனகலிங்கத்தார்.

குசினி வாசலிலிருந்து பதில் வந்தது. "அடுப்புப் பத்தேல்லை எண்டு அதைத்தான் வைச்சனான். நீங்கள் குடிக்கிற தேத்தண்ணி அதிலைதான் கொதிச்சது."

கனகலிங்கத்தார் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். "ஏரம்பர்," என்றார்.

'சம்மந்தி' என்ற அழைப்பு எப்போது போனது என்று ஏரம்பருக்குத் தெரியவில்லை. நிலைமையைச் சரிக்கட்டத் தவராசா அவசரமாக மிச்சத்தை வாசித்தார்.

"'இந்த ஒழுங்கைகளையும் பாலங்களையும் பற்றி முன்பே விபரமாக எழுதியிருப்பதால் இங்கே சுருக்குகிறேன்.'"

"விபரமாய் எழுதினவரோ? உங்களுக்கோ?"

"ஓம், ஓம்," என்றார் ஏரம்பர், பேச்சு முடிந்தால் போதும் என்று.

"அப்ப அதைக் காட்டுங்கோ."

"ஏனப்பா பொய் சொல்லுறியள்?" என்றார் அன்னபாக்கியம். "போனதுக்கு இதுதான் அவன் போட்ட முதல் கடிதம்."

"பெரியப்பா வீட்டுக்கு எழுதியிருப்பான்," என்று தவராசா உதவிக்கு வந்தார்.

"அங்கை இருந்துகொண்டு அங்கைக்கே எழுதுவாரோ? இல்லாட்டி, ஒல்லாந்திலை இருந்து கொண்ணர் வீட்டுப் பெட்டைக்கு எழுதுறாரோ?"

தவராசா கடிதத்தை மடிக்கத் தொடங்கினார்.

கனகலிங்கத்தார் எழுந்துவிட்டார். "இஞ்சை பாருங்கோ ஐயா. தம்பி எங்கை நிண்டாலும் நிக்கட்டும். ஆரோ ஒருத்திக்கு விபரமாய் எழுதுறார். என்ரை பிள்ளை நிமிர்ந்து நாலு சொல் கதைக்கத் தெரியாதவள். கடிதம் எழுதெண்டால் அழுவாள். அவளை இப்பிடி ஒரு இடத்திலை குடுக்கேலாது."

"பொறுங்கோ. உங்களுக்கு முன்னாலையே நேரை கேட்டு எழுதுவம்."

ஏரம்பர் சொல்லச் சொல்லத் தவராசா எழுதினார். நீ நிற்பது எங்கே? நடந்தது எந்தப் பழைய ஊர்? விபரமாக எழுதியது யாருக்கு? மறுமொழி வரும்வரை சம்பந்தம் நிற்கிறது.

"விலாசம்?" என்று தவராசா கேட்டார். யாழ்ப்பாணத்துக்கா ஒல்லாந்துக்கா என்று ஏரம்பர் ஒரு கணம் தடுமாறினார். பிறகு கடிதத்தின் தலைப்பில் இருந்த ஒல்லாந்து விலாசத்தையே பார்த்து எழுதச் சொன்னார். "விலாசம் ஆரும் எழுதலாம்," என்றார் கனகலிங்கத்தார். அன்னபாக்கியம் கொண்டுவந்த சோற்றுப் பருக்கையால் உறை ஒட்டப்பட்டது.

படலையில் சைக்கிள் மணி கேட்டது. தபால்காரர் சூசைப்பிள்ளை. ஏரம்பர் ஓடிப்போய்க் கடிதத்தைக் கொடுத்தார். எழுதியதை ஒரு மனிதன் கொண்டுபோவதையாவது கண்ணால் பார்க்கவேண்டும் என்று கனகலிங்கத்தாரும் பின்னால் வந்து நின்றார்.

சூசைப்பிள்ளை விலாசத்தை எழுத்துக்கூட்டவில்லை. ஒரு பார்வை பார்த்துப் பையில் போட்டு வாரை இழுத்துக் கட்டினார்.

"இந்த விலாசம் எனக்குப் பாடம், கனகலிங்கத்தார். நீங்கள் வயலுக்குப் போனாப்பிறகு உங்கடை அருந்ததிப் பிள்ளை கிழமை தவறாமல் இதுக்குத்தானே கடிதம் தந்துவிடுறவா; அங்கையிருந்து வாற மறுமொழிதான் சரியான பாரம்."