செபஸ்தியாரின் ஐந்தாவது அம்பு

ஏற்காட்டு மலையில் நூறு வருஷப் புனிதப் பொருளைக் கொளுத்திக் குளிர்காய்ந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். (பெருமைக்குச் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் என் பெண்டாட்டி சொல்லிவிடுவாள்.)

அப்போது எனக்கு ஜான்சியைக் கட்டிக்கொள்ள ஆசை. அவள் அப்பா கொட்டச்சேட்டில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர். கோயில் சாவியும் அவரிடம்தான். பெண் கேட்டுப் போனால் மனுஷன் பிடிகொடுக்கவில்லை. திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன் புனித செபஸ்தியார் சுரூபத்தைத் துடைத்து வைக்கச் சொன்னார். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த மரச் சிலை, உடம்பில் ஐந்து அம்புகள்.

"பாத்துப் பண்ணு கண்ணு. இது நல்லபடியா முடியட்டும், அப்பறம் பேசிக்கலாம்," என்றார்.

பிய்த்து உதறிவிடுவது என்று இறங்கினேன். அம்புகளை உருவித் துடைத்துப் பழைய பேப்பரில் வைத்தேன். ஒட்டடை, குப்பை எல்லாவற்றையும் கூட்டி வெளியே கொளுத்தினேன். நல்ல பனி, கையை நீட்டிக் குளிரும் காய்ந்தேன். உள்ளே வந்து பார்த்தால் அம்பு நாலுதான் இருக்கிறது.

ஐந்தாவது குப்பையோடு எரிந்துபோயிருந்தது. காப்பித் தோட்டத்துக்கு ஓடி, நிழலுக்கு நிற்கும் முள்ளுமுருங்கையில் ஒரு குச்சியை ஒடித்து, முள்ளைச் சீவி, ஷூ பாலிஷ் பூசி விலாவில் சொருகினேன். அசல் அம்பு தோற்றது போங்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்தாம் நாள் தேருக்காகச் சுரூபத்தை இறக்கியபோது, ஒரு அம்மா சட்டென்று முழங்காலில் விழுந்தார். விலா அம்பில் பச்சைப்பசேல் என்று இரண்டு தளிர். புதுமை, அற்புதம் என்று கூட்டம் கூடிவிட்டது. செம்மநத்தம்வரை போன் பறந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பெண் கிடைக்கும். ஆனால் அந்த அம்மா அழுதபடி தளிரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை.

"அது நான் சொருகுன குச்சிங்க. நெச அம்பைக் குப்பையோட கொளுத்திப்போட்டனுங்க."

அந்த அம்மா எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஜான்சி போச்சு என்றே முடிவுகட்டினேன். ரைட்டர் என் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"பச்சக் குச்சிய யாராச்சும் வெப்பாங்களா?" என்று காதோரம் கேட்டார். "காஞ்சதா வெக்கோணும் கண்ணு. தோள்ல இருக்கறது நான் வெச்சது. நொம்ப வருசமா அப்படியே நிக்குது பாரு."

(மாமா கட்டுரையெல்லாம் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அடுத்த மாதமே நிச்சயம் செய்தார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் கண்ணாடியோ சாவியோ எது காணாமல் போனாலும், ஜான்சி முதலில் என் கையைப் பிடித்து மோந்து பார்க்கிறாள், புகை வாசம் அடிக்கிறதா என்று.