தண்டலை ஒழிக்க ஒன்றை அழுத்தவும்

வரி என்று இரண்டே எழுத்தில் ஒரு சொல் கைவசம் இருக்கும்போது, அதைவிடப் பழைய சொல்லைத் தேடிப் போகிறவனுக்குச் சுலபத்தில் கல்யாணம் ஆகாது. எனக்கு ஆனது. ஆனால் அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, ஆகாது என்றே முடிவாகியிருந்தது. (நாட்குறிப்பில் தேதியும் இருக்கிறது. அதை எழுதக்கூடாது என்பது வீட்டு உத்தரவு.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மலாக்கா டவுனில் ஓர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். தங்கா பத்துவில் எங்கள் வீட்டு முன்னறையில், பழையதாக வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதில் ஒரு விளையாட்டு. ஐரோப்பியன் ஒருவன் கடல் தாண்டிப் போய்க் குடியேற்றம் அமைத்து, சரக்கு விற்று, ஊரிலுள்ள தன் அரசனுக்கு வரி கட்ட வேண்டும். அந்த விளையாட்டின் பெயர்கள், விலைகள், செய்திகள் எல்லாம் திறந்து திருத்தக்கூடிய கோப்புகளில் இருப்பதை ஒருநாள் கண்டுபிடித்தேன். (இப்படித் திருத்துவதற்கு இன்றைய பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் 'மோட்'. என் அம்மா வைத்திருந்த பெயர் 'கண்ணைக் கெடுத்துக்கறது'.)

பதினொரு மாதம் உழைத்து அந்தக் குடியேற்றத்தை மலாக்காவுக்குக் கொண்டுவந்தேன். பஞ்சு மிளகாயிற்று, தோல் ஈயமாயிற்று. ஒரே சரக்கை அடுத்தடுத்து விற்றால் அதன் விலை சரியும். மூன்று கப்பல் விற்றதும் அரசன் வரியை ஏற்றுவான். மக்கள் கொதிப்பார்கள். அப்போது திரையில் ஒரு செய்தி வந்து, என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும். பதில் சொல்லாமல் அது நகராது.

அந்தச் செய்திகளைத் தமிழில் எழுதினேன். திரையில் தமிழெழுத்து வராது என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழ். 'வரி' எனக்குச் சப்பென்று இருந்தது. கல்வெட்டுகளைப் பற்றி விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்த காலம். வரி திரட்டுவதற்குப் பழைய பெயர் தண்டல் என்று படித்ததும், கோப்பு முழுக்க வரியை நீக்கித் தண்டலைப் போட்டேன். நாற்பத்தோர் இடங்கள். எண்ணினேன்.

இனி சுமதி. ஓர் உறவினர் கல்யாணத்தில் அவளோடு இரண்டு நிமிடம் பேசியிருந்தேன். அதற்குப்பின் அம்மா நீட்டிய எந்தப் பெண்ணின் படத்தையும் கையில்கூட வாங்கவில்லை. அவள் அப்பா சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் 'சூப்பர்வைசர்' என்று, சம்பந்தம் பேசிய என் சித்தி சொல்லியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சுமதியின் அப்பாவும் அம்மாவும், அண்ணன் கணேசனும் சித்தியோடு என்னைப் பார்க்க வந்திருந்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கணேசன் பூப்போட்ட துணியைத் தூக்கிப் பார்த்து, "இதுல கேம் இருக்கா, பிரதர்?" என்று கேட்கும்வரை.

"கேம் இல்லை. வரலாறு," என்றேன். (என்னை அறையலாம். யாரும் அறையவில்லை.)

கணேசனை உட்காரவைத்து, விற்கக் கற்றுக்கொடுத்தேன். ஒரு கப்பல் மிளகு விற்றார். விலை சரிந்தது. இரண்டாவது கப்பலையும் விற்றார். அப்போதுதான் அம்மா தட்டோடு வந்து சுமதியின் அப்பாவிடம் சொன்னார்:

"தண்டல் ஐயா, டீ ஆறிடப் போவுது, எடுத்துக்குங்க."

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் தலையாளுக்குத் தண்டல் என்று பெயர். டவுனில் வளர்ந்த எனக்கும் இது தெரியும். ஆனால் கல்வெட்டுக்குப் பின்னால் எங்கோ கிடந்தது. இப்போது எழுந்து வந்து எதிரே நின்றது. சித்தியைப் பார்த்தேன். சூப்பர்வைசர் என்றவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒரே ஒரு கப்பல்.

போதும், கம்ப்யூட்டர் சூடாகிவிடும் என்றேன். கணேசனுக்குக் காது கேட்கவில்லை. சுவிட்சைத் தேடினேன். அது தண்டல் ஐயாவின் நாற்காலிக்குப் பின்னால், அவர் முதுகுக்கு நேராக இருந்தது. மூன்றாவது கப்பல் கரை சேர்ந்தது. கணேசன் விற்றார். செய்தி வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்.

"தண்டல் தொல்லை பெருகிவிட்டது. மக்கள் கொதிக்கிறார்கள். ஒன்று, தண்டலை ஒழி. ரெண்டு, தண்டலைப் பாதியாக்கு. மூணு, தண்டலுக்குப் பணி."

சுமதியின் அப்பா டீயைக் கீழே வைத்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்லை, அங்கிள்."

"எங்க தோட்டத்து ஆளுங்க யாராச்சும் வந்தாங்களா? பெட்டிசன் போட்டவனுங்க?"

அவர்மேல் மனு போயிருப்பதே அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. மேனேஜர் ஆளுக்கு இரண்டு நிரை மரம் கூடுதலாகச் சீவச் சொல்லியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. விடிகாலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் நின்று அதைச் சொன்னவர் இவர். நான் பதறிப்போய், பழைய கல்வெட்டில் தண்டல் என்று இருக்கிறது, அது அங்கிள் இல்லை என்று விளக்கினேன்.

"கல்லுலயே வெட்டிட்டானுங்களா?" என்றார் அவர்.

"மலாய்ல சுக்காய்னு போட்டிருந்தா எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும் லா," என்று கணேசன் என்மேல் பரிதாபப்பட்டார்.

சுமதியின் அப்பா எழுந்தார். கிளம்பிவிட்டார், சுமதி போய்விட்டாள் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தத் தண்டலை ஏத்தறது யாரு?"

"ராஜா. கடலுக்கு அந்தப் பக்கம்."

"அவன் இங்க வருவானா?"

"வரமாட்டான், அங்கிள்."

"அப்ப ஏச்சு வாங்கறது?"

"இங்க இருக்கற கவர்னர்தான்."

"சரியாத்தான் செஞ்சிருக்கீங்க," என்றார் மெதுவாக. பிறகு, "ம், அமுக்குங்க. எதை அமுக்கறீங்கன்னு பாப்போம்."

சமையலறை வாசலில் அம்மா மூன்று விரல்களைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அது தேவைப்படவில்லை. மூன்றை அழுத்தினேன். நான் எழுதி மறந்துபோன பதில் திரையில் வந்தது. கணேசன் அதையும் விடவில்லை.

"தண்டல் ஏறிவிட்டது. இனி இறங்காது."

அதுவரை ஒரு வார்த்தை பேசாத சுமதியின் அம்மா, டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "அது நெசம். இருபத்தஞ்சு வருசமா வீட்ல பாக்கறேன்."

முதலில் சிரித்தது தண்டல் ஐயாதான். மற்றவர்கள் அவர் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு சிரித்தோம்.

அன்று மாலையே நாற்பத்தோர் இடங்களிலும் 'சுக்காய்' என்று மாற்றினேன். பயனில்லை. செய்தி அதற்குள் சுங்கை ரம்பாய் போய்ச் சேர்ந்து, சுமதியின் காதுக்கும் எட்டிவிட்டது. இன்றுவரை எங்கள் வீட்டில் வரிக்கு வேறு பெயர் கிடையாது. வருமான வரிப் படிவம் வந்தால், "அப்பா வந்திருக்காரு," என்று அதை என் மேசைமேல் வைப்பாள். வரி கட்டும் கெடு முடியும் ஏப்ரல் கடைசியில் மாமனாரே போன் செய்வார்.

"என்ன மாப்ள, என்னைய இன்னும் கட்டலையா?"