ஏழு கையெழுத்து நடை

ஒரு மனிதரை உற்சாகப்படுத்தியே சாகடிக்கப் பார்த்தவன் நான். அடிக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. "வாங்க மாமா, இன்னும் பத்தடிதான்" என்று கைதட்டினேன், அவ்வளவுதான். போலீசில் போய் நானே சரணடைந்திருந்தால்கூட எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று அவர்கள் குழம்பியிருப்பார்கள்.

போன மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தினமும் நடக்க வேண்டும், படுத்தே கிடக்கக் கூடாது என்று ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். "இதெல்லாம் நான் தொண்ணூத்தொண்ணுலயே செஞ்சு பார்த்துட்டேன் தம்பி" என்றேன். கொடுத்த பையன் மரியாதையாகப் பார்த்தான். மீதிக் கதையை அவனிடம் சொல்லவில்லை. (அந்த மரியாதை எனக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கிறது, கெடுத்துக்கொள்வானேன்?)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பென்னலூரில் வீடு. நெடுஞ்சாலை ஓரத்தில், மின்விசிறிக்கு மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். டைம் ஆபீஸ் என்றால் கேட்டை ஒட்டி ஒரு புறாக்கூண்டு. தொழிலாளிகள் உள்ளே வரும்போதும் போகும்போதும் அவரவர் கார்டை மெஷினில் குத்திவிட்டுப் போவார்கள். அந்தக் கார்டுகளைக் காப்பது என் உத்தியோகம். கார்டில் குத்து இருந்தால் ஆள் வந்திருக்கிறான். இல்லாவிட்டால் வரவில்லை, நேரில் நின்று எனக்கு வணக்கம் சொன்னாலும் சரி. இந்தத் தத்துவத்தில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது.

என் அக்கா வள்ளியின் கணவர் ஏழுமலை மாமாவும் அதே கம்பெனியில்தான், வைண்டிங் செக்‌ஷனில் இருந்தார். முப்பத்தெட்டு வயது. மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றுவதில் அவர் கையை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. அந்த மனிதருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. சனிக்கிழமை தோறும் மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். வாரத்தில் ஒரு நாள்தான் மெஷின் கிடைக்கும். மீதி ஆறு நாளும் வீட்டில் படுக்கை. எட்டு மாதமாக இப்படித்தான்.

எங்கள் பக்கத்தில் நோயாளிக்குச் செய்கிற பெரிய மரியாதை அவனை அசையவிடாமல் வைப்பது. மாமா எழுந்து உட்கார்ந்தால் "நீ ஏன்யா எழுந்துக்கிற, படு" என்று நாலு பேர் ஓடிவருவார்கள். சட்டைப் பொத்தானைக்கூட அக்காதான் போட்டுவிடுவாள். மாமா கூரையையே பார்த்துக்கொண்டு கிடப்பார். ஒரு நாள் என்னிடம், "டில்லி, என் கார்டு இன்னும் ரேக்குல கீதா, எட்த்துட்டாங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இருந்தது. தினமும் காலையில் குத்து இல்லாத அந்தக் கார்டைத் துடைத்து அதே இடத்தில் செருகுவேன். இன்னும் ஆறு மாதத்துக்குள் எழுந்து நடக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்றும் பேச்சு இருந்தது. மாமா பயந்தது சாவுக்கு இல்லை, அந்தக் கார்டுக்குத்தான்.

மாசிக் கடைசியில் டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "இப்படியே படுத்துக் கிடந்தா கால் சதையெல்லாம் கரைஞ்சிடும். தினம் கொஞ்சம் கொஞ்சமா நடங்க. மூச்சு வாங்குனா நின்னுடுங்க. தண்ணி, மோர், டீ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு மூணு டம்ளர். இளநீர் தொடவே கூடாது."

நாங்கள் பஸ்ஸிலேயே வேலையைப் பிரித்துக்கொண்டோம். தண்ணீர் அக்கா டிபார்ட்மென்ட். நடை என் டிபார்ட்மென்ட். கம்பெனியில் அப்படித்தானே நடக்கும்? பெயின்ட் அடிப்பவன் வைண்டிங்கைப் பற்றிக் கவலைப்படுவானா?

அன்று மாலையே ஒரு பழைய கார்டை எடுத்து ஏழு கட்டம் போட்டேன். வீட்டிலிருந்து கம்பெனி கேட் வரைக்கும் மாமா நடக்க வேண்டும். வழியில் ஆறு இடத்தில் நின்று, அங்கே இருப்பவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஏழாவது கையெழுத்து டைம் ஆபீஸில் என்னுடையது. ஏழும் விழுந்தால் அன்றைய நடை முழுசு. மெதுவாக, நின்று நின்று வரலாம். கையெழுத்துப் போடப் போகிறவர்களிடம் நானே போய்ச் சொல்லிவைத்தேன். டீக்கடை கன்னியப்பன், எங்கள் சித்தி, சர்ச் உபதேசியார் அந்தோணி, சைக்கிள் கடைக்காரர், வயலில் பம்ப்செட் மோட்டார் கொட்டாய் பெருமாள், நெடுஞ்சாலையில் இளநீர் விற்கிறவர்.

(இளநீர் விற்கிறவரையே தேர்ந்தெடுத்த மூளையை நீங்கள் பாராட்ட வேண்டும். அவர் வண்டி மரத்தடியில் நின்றது, நிழல் இருக்குமே என்று நினைத்தேன்.)

மாமாவுக்குக் கிட்னிக் கோளாறு என்பது அவர்களுக்குத் தெரியும். தண்ணீர் அளவு தெரியாது. நான் சொல்லவில்லை. அது அக்கா டிபார்ட்மென்ட்.

திங்கட்கிழமை முதல் நடை. அக்கா வாசலில் நின்று அழுதாள். மதியம் மாமா கேட்டுக்கு வந்து கார்டை நீட்டினார். ஆறு கையெழுத்தும் இருந்தன. உபதேசியார் தேதி போட்டு, 'கர்த்தர் காப்பாராக' என்றும் எழுதியிருந்தார். முதல் ஷிப்ட் விட்டு வெளியே வந்த மாமாவின் கூட்டாளிகள் கை தட்டினார்கள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக மாமா பல் தெரியச் சிரித்தார். நான் ஏழாவது கையெழுத்தைப் போட்டு, கம்பெனி சைக்கிளில் அவரை வீட்டில் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் சொல்வதற்கு முன்பே கிளம்பிவிட்டார். புதன்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினார். படுக்கையை விட்டு அசையாத மனிதர் பங்குனி வெயிலில் இப்படிப் பறக்கிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாம் என் கார்டின் மகிமை என்று டைம் ஆபீஸில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஸ்டோர்ஸில் இருந்த எடை மெஷினில் அவரை ஏற்றிப் பார்த்தேன். மூன்றே நாளில் நாலு கிலோ ஏறியிருந்தார்! உடம்பு தேறுகிறது என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"டில்லி, செருப்பு காலுக்குள்ள போவ மாட்டேங்குதுடா" என்றார் மாமா.

"நடக்கறீங்க இல்ல, கால்ல சதை புடிக்குது மாமா" என்றேன்.

இந்த வரியை எழுதும்போது முப்பது வருஷம் கழித்தும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

வியாழக்கிழமை ஷிப்ட் மாறுகிற நேரம். கேட்டுக்கு வெளியே நூறு பேர் நின்றிருந்தோம். சாலையில் மாமா வருவது தெரிந்தது. இரண்டடி வைத்து நின்றார். மறுபடி இரண்டடி. வாயைத் திறந்து திறந்து மூடினார். நான் முன்னால் போய் நின்று, பின்பக்கமாக நடந்துகொண்டே கை தட்டினேன். "வாங்க மாமா! இன்னும் பத்தடிதான்! உட்ராதீங்க!" கூட்டமும் சேர்ந்து தட்டியது. மூச்சு வாங்கினால் நிற்கச் சொன்னார் டாக்டரம்மா. அவர் நிற்கத்தான் பார்த்தார். நூறு பேர் கை தட்டும்போது ஒரு மனிதன் எப்படி நிற்பான்?

பத்தடியையும் நடந்தார். கார்டை என் கையில் கொடுத்தார். அப்படியே கேட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். நெஞ்சுக்குள் கொதிக்கிற உலை மாதிரி சத்தம் கேட்டது. உதடு நீலமாக இருந்தது. அப்போதும் நான் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? ஏழாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். கை அதுவாகவே போட்டுவிட்டது.

கம்பெனி வேனில் மெட்ராஸுக்கு ஓடினோம். படுக்கவைத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. உட்காரவைத்து, முதுகுக்கு என் மார்பை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். வழி முழுக்க நான் அழுதேன். பூந்தமல்லி தாண்டும்போது அவர் என்னவோ சொன்னார். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"தாகமா கீதுடா."

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு டாக்டரம்மா வெளியே வந்தார். நான் கார்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். வாங்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

பெருமையாகச் சொல்ல வேண்டிய விஷயத்தைத் திக்கித் திக்கிச் சொன்னேன்.

"நடந்ததுல தப்பில்ல. நடக்கச் சொன்னதே நான்தான். கையெழுத்துப் போட்டவங்க என்ன குடுத்தாங்க?"

"ஒண்ணும் குடுக்கலையே, கையெழுத்து மட்டும்தான்" என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. நோயாளி ஒருவர் வெயிலில் நடந்து வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். அவரைத் தொண்டை காய அனுப்புகிற வீடு எங்கள் ஊரில் உண்டா? அதுவும் கிட்னிக் கோளாறு என்றால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது ஊரறிந்த வைத்தியம். கன்னியப்பன் டீ. சித்தி ஒரு சொம்பு மோர். உபதேசியார் வீட்டில் எலுமிச்சைச் சாறு. சைக்கிள் கடையில் சோடா. பெருமாள் மோட்டார் தண்ணீர். கடைசியில் இளநீர், அதுவும் அவர் இலவசமாக, "ரெண்டாக் குடி ஏழுமல" என்று. நாலு நாளும் அப்படியே. குடித்ததெல்லாம் வெளியேற வழியில்லாமல் காலிலும் நெஞ்சிலும் தேங்கியிருந்தது.

"தண்ணி அக்கா டிபார்ட்மென்ட்..." என்று முனகினேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. "டிபார்ட்மென்ட் ரெண்டு இருக்கலாம். ஆள் ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்ததும், "பாவி, கொல்றதுக்கா கூட்டிக்கினு போன?" என்று நடைபாதையில் எல்லார் எதிரிலும் என் தலையில் அடித்தாள். நான் தலையைக் குனிந்து காட்டினேன்.

மாமா பிழைத்தார். இரண்டு நாளில் அத்தனை தண்ணீரையும் மெஷின் எடுத்தது. நான் போய்க் கட்டில் ஓரமாக நின்றேன்.

"ஏன் மாமா சொல்லல?"

கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வாணாம்னா அவங்க மனசு கஷ்டப்படும்னு குடிச்சேன்னு உங்கக்கா கைல சொல்லிக்கீறேன். அது பொய்டா. எட்டு மாசம் மூணு டம்ளரு. வூட்ல கொயா தொறந்து தண்ணி வுட்டா அந்த சத்தத்துக்கே எச்சி ஊறும். உன் கார்டுக்காவ நான் நடக்கல. மோருக்காவ நடந்தேன்."

என் மகிமை அத்தோடு முடிந்தது.

ஆனால் ஒரு மாதம் கழித்து அவரேதான் கேட்டார். "கார்டு எங்கடா?" அக்கா என்னோடு பேசாமல் இருந்த காலம் அது. எழுந்துபோய்ப் புடவை மடிப்புக்குள்ளிருந்து கார்டை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். அந்தத் தடவை நான் வேலைக்குப் போவதற்கு முன்பு, காலையில் அவர் கூடவே நடந்தேன். கன்னியப்பன் கடை வரைக்கும்தான் முதலில். பிறகு சித்தி வீடு. கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பச் சித்தியால் முடியவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மாமா தாகம் தெரியாமலிருக்க ஒரு லவங்கத்தை வாயில் அடக்கிக்கொண்டு, "சும்மா கையெழுத்துப் போடு சித்தி, மோர அப்பால பாத்துக்கலாம்" என்பார். கால் வலுத்தது. தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டார். இரண்டு தடவை கேட் வரைக்கும் வந்தார். உள்ளே வேலைக்கு மட்டும் வரவே முடியவில்லை. பெயரை எடுத்த அன்று அந்தக் கார்டை ரேக்கிலிருந்து உருவியவனும் நான்தான்.

அடுத்த வருஷம் ஆவணியில் போய்விட்டார். கடைசிக் கார்டில் மூன்று கையெழுத்து இருக்கிறது.

வருஷா வருஷம் அந்த நாளில் அக்கா படையல் போடுவாள். இலைக்கு முன்னால் டீ, மோர், எலுமிச்சைச் சாறு, சோடா, தண்ணீர், இளநீர் என்று வரிசையாக ஆறு டம்ளர். ஏழாவதில் மறுபடியும் மோர், அது என் பங்குக்கு. கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் அக்கா மகள் மலர் என்னிடம் ஒரு வெற்றுக் கார்டையும் பேனாவையும் நீட்டுவாள். "டில்லி மாமா, கையெழுத்து." வீடே சிரிக்கும். கல்யாணமாகி வந்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி, என் மானத்தைத் தவணை முறையில் வாங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் யார் யாருக்குத் தண்ணீர் கொடுத்தாலும் "கையெழுத்துப் போட்டியா?" என்றுதான் கேட்பார்கள்.

நானும் சிரித்துக்கொண்டே போடுவேன். அக்கா சிரிக்க மாட்டாள். ஒவ்வொரு சொம்பாகச் சாய்த்து ஏழு டம்ளரும் தரையில் வழிகிற அளவுக்கு ஊற்றுவாள். பிறகு படத்தைப் பார்த்து, "குடி, இன்னிக்கு நான் அளக்க மாட்டேன்" என்பாள்.