அரபு நாடுகளும் என் மத்தியானத் தூக்கமும்

இனி இந்த வீட்டில் அடிமை வாழ்வு கிடையாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன். மனசுக்குள்தான் எடுத்தேன். மனைவி அடுத்த அறையில் இருந்தாள்.

நான் நில அளவையாளன். வாரம் முழுக்க வெயிலில் அளவுச் சங்கிலி இழுக்கிறவன். ஞாயிறு மத்தியானம் கொஞ்சம் கண்ணயரலாம் என்றால் விடுகிறாளா? அப்போதுதான் இஸ்திரி போடத் துணி மலை மாதிரி குவியும்.

எங்கள் வீட்டில் படிக்கிறவர்களை மட்டும் யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. என் மகள் அந்தச் சலுகையிலேயே வளர்ந்து, விடுதியில் தங்கிப் படிக்கவும் போய்விட்டாள். அவள் அறை காலி. நானும் அஞ்சல் வழியில் ஒரு படிப்பில் சேர்ந்தேன். நவீன அரபு நாடுகளின் வரலாறும் சமூகமும். ஆர்வமெல்லாம் இல்லை. குறுக்குக் கேள்வி கேட்க வீட்டில் ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

"திடீர்னு அரபு நாடு எதுக்கு?" என்றாள் மனைவி.

"உலகம் தெரிய வேண்டாமா?"

"நம்ம வீட்டு உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியுமா?"

"அது புவியியல். நான் படிக்கிறது வரலாறு."

"சரி, படிங்க. ஆனா சத்தமா படிக்கணும். சத்தம் நின்னா தூங்கறீங்கன்னு அர்த்தம்."

தலையாட்டினேன். மகள் அறை வாசலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். கோடு போடுவதுதானே என் தொழில்! இந்தப் பக்கம் படிப்பு, அந்தப் பக்கம் சமையலறை. பிறகு முதல் பாடத்தை வாசித்துச் செல்போனில் பதிவு செய்தேன். கால்வாய் வரும் இடத்தில் ஒரு இருமல் விழுந்துவிட்டது. இருந்தால்தான் இயற்கையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். கதவைச் சாத்தினேன். போனைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஆகா, அந்தத் தூக்கம்! வாராவாரம் தூங்கினேன்.

ஒருநாள் பாட ஆசிரியை போனில் கூப்பிட்டார். படிப்பாளியின் பெருமையை மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

"எகிப்து கால்வாயை நாட்டுடைமை ஆக்கினதும் என்ன நடந்துச்சு, சொல்லுங்க சார்."

"அது வந்துங்க மேடம்... பெரிசா நடந்துச்சுங்க."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "மூணு நாடு சேர்ந்து படையெடுத்துச்சு மேடம்." லொக்கென்று ஒரு இருமல். "ஆனா கடைசியில திரும்பிப் போயிட்டாங்க. கால்வாய் எகிப்துகிட்டயே இருந்துடுச்சு."

அந்த இருமல் பதிவில் விழுந்த என்னுடையது; கேட்டுக் கேட்டு அதையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருக்கிறாள். இடம்கூட மாறவில்லை.

"யாருங்க அது?" என்றார் ஆசிரியை.

"வீட்டுக்காரிங்க."

"முதல்ல அவங்களைச் சேர்த்துவிடுங்க சார்!"

சேர்த்துவிட்டேன். அடுத்த ஞாயிறே மனைவி தலையணையோடு மகள் அறைக்குள் போனாள்.

"இது என் ரூம். கோடெல்லாம் போட்டிருக்கேன்!"

"அந்தக் காலத்துல ரெண்டு வல்லரசு உக்காந்து மேப்புல கோடு போட்டுச்சே, அங்க குடியிருந்தவங்களக் கேட்டுச்சா? அதனால எவ்வளவு தகராறுன்னு நீங்கதானே வாசிச்சீங்க? இந்தக் கோடு போடும்போது என்னைக் கேட்டீங்களா?"

"அதுக்காக?"

"ரூமை நாட்டுடைமை ஆக்கிட்டேன்." துடைப்பத்தால் கோட்டை ஒரே இழுப்பில் அழித்தாள். "அந்தப் பதிவை எனக்கு அனுப்புங்க."

"எந்தப் பதிவு?"

"இருமல் வர்ற பதிவு."

அனுப்பினேன்.

"நானே வாசிச்சா மண்டையில ஏறாதுங்க. உங்க குரல்ல கேட்டாதான் ஏறும்" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து என் குரலை அவள் பாராட்டியது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாகவே இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன்.

உள்ளே நான் வாசித்துக்கொண்டிருந்தேன். வெளியே நான் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கோடு வந்தது, கால்வாய் வந்தது, இருமல் வந்தது.

இருமலை அடுத்து ஒரு குறட்டையும் வந்தது. அது மட்டும் என்னுடையது இல்லை.