கை நனைக்காத சம்பந்தி

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் லாரி முதலாளிகளைக் கதிகலங்க வைத்த ஒரே மனிதர் எங்கள் சம்பந்திதான். செக்போஸ்ட் அதிகாரிகளுக்கே அசையாத முதலாளிகள், அவர் மனைவியோடு வாசலில் வந்து நிற்பதைப் பார்த்ததும் பின்பக்கமாக நழுவினார்கள். இத்தனைக்கும் அவர் கேட்டு வந்தது ஒரு டிரைவர் வேலை.

அவர் யாருக்கும் நிஜமான சம்பந்தி கிடையாது. இருந்த ஒரே மகள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். பெரம்பலூரில் நான் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். மக்காச்சோளமோ பருத்தியோ ஏற்றி அனுப்ப லாரி தேடுகிறவர்களையும், லோடு தேடுகிற லாரிக்காரர்களையும் சேர்த்து வைப்பது என் பிழைப்பு. அதனால் வேலை தேடுகிற டிரைவர்களும் வந்து என் எதிரே ஸ்டூலில் உட்காருவார்கள்.

அப்படி வந்தவர்தான் இவர். ஊர் வாலிகண்டபுரம், வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அரியலூர் பக்கம் சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டியவர். காலையில் போனால் சாயங்காலம் வீட்டில் இருப்பார். அந்தச் சுரங்கத்தில் வேலை நின்று போனதும், மகளின் படிப்பை நினைத்து, வடக்கே போகிற லாரிக்கு மாறுவதென்று முடிவு செய்திருந்தார். குடி கிடையாது, புகை கிடையாது. எந்தக் கம்பெனியும் இவரைக் கொத்திக்கொண்டு போகும் என்று நினைத்தேன். கம்பெனிகள் தயாராகத்தான் இருந்தன, அவர்தான் தயாராக இல்லை.

கம்பெனி பார்ப்பதை அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது போலச் செய்தார். ராகுகாலம் கழித்துத்தான் கிளம்புவார். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில் மனைவி செல்வி அக்காவும் கூட வருவார். நடுவில் நின்று பேச ஓர் ஆள் வேண்டுமே, அதற்கு நான். போனதும் கம்பெனிக்குள் நுழைய மாட்டார். எதிரே உள்ள டீக்கடையில்தான் முதல் விசாரணை. அந்த ஆபீஸில் ஆட்கள் எப்படி, சத்தம் போடுவார்களா, நல்லது கெட்டதுக்கு நிற்பார்களா என்று கேட்பார். டீக்கடைக்காரர் முகம் மலர்ந்தால்தான் ரோட்டைத் தாண்டுவார்.

உள்ளே போனால் டீ வரும். தொட மாட்டார். சம்பந்தம் பேசப் போன வீட்டில், பேச்சு முடிவாகும் வரை கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை அவர் லாரி ஆபீஸுக்கும் கொண்டு வந்துவிட்டார். "இருக்கட்டுங்க. அமைஞ்சா அப்புறம் உரிமையோட குடிக்கிறோம்" என்பார். முதலாளி என்னைப் பார்ப்பார், நான் சுவரிலுள்ள காலண்டரைப் பார்ப்பேன். அந்தக் கோஷ்டியில் நானும் சேர்த்தி என்பதால் என் டீயும் கண்ணெதிரே ஆறி ஏடு கட்டும்.

சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்று வாயே திறக்க மாட்டார். சம்பளம் கேட்கிற டிரைவரைச் சமாளிக்க முதலாளிகளுக்குத் தெரியும். கேட்காத டிரைவரை எப்படிச் சமாளிப்பதென்றுதான் தெரியவில்லை.

திருச்சி ரோட்டில் ஒரு பெரிய கம்பெனி. ஏசி ரூம், சுவர் அகலத்துக்கு ஒரு திரை, அதில் நகர்கிற புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வண்டி, எங்கே நிற்கிறது, எவ்வளவு டீசல் இருக்கிறது என்பதெல்லாம் இங்கிருந்தே தெரியும் என்று இளைஞரான மேனேஜர் உற்சாகமாக விளக்கினார். சம்பந்தி வெகுநேரம் அந்தப் புள்ளிகளையே பார்த்தார்.

"வண்டி தெரியுதுங்க. உள்ள இருக்குற ஆளு எப்படி இருக்கான்னு தெரியுமா?"

அதற்கும் ஏதோ புதிதாக வாங்கிப் பொருத்தப் போகிறோம் என்றார் மேனேஜர். சம்பந்தி எழுந்து கும்பிட்டு, வீட்டில் கலந்துகொண்டு சொல்லி அனுப்புகிறோம் என்றார். கலந்துகொள்ள வேண்டியவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது அரியலூரில் சிமென்ட் லோடு ஏற்றுகிற ஒரு கம்பெனி. அங்கே அக்காவே லாரியில் ஏறி, மாப்பிள்ளை வீட்டு அடுப்படியைப் பார்ப்பது போலக் கேபினைப் பார்த்தார். காற்று வருகிறதா, அரிசி பருப்பு வைக்க இடமிருக்கிறதா, படுத்தால் கால் நீட்டலாமா என்று எல்லாம் சோதித்தார். அதோடு விட்டிருக்கலாம். அந்தக் கம்பெனி டிரைவர் ஒருவருடைய வீட்டையே இருவரும் தேடிப் போய், கம்பெனியிலிருந்து யாராவது எப்போதாவது இந்த வீட்டுக்கு வந்ததுண்டா என்று அவர் மனைவியை விசாரித்துவிட்டார்கள். தன் டிரைவரை நான் வேறு கம்பெனிக்கு இழுக்கிறேன் என்று நினைத்த அந்த முதலாளி, எனக்குப் போன் போட்டுக் கிழி கிழி என்று கிழித்தார். கொஞ்ச நாள் அவர் வண்டி எதுவும் என் பக்கம் வரவில்லை.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். மறுநாள் அவர் வந்து உட்காரப் போன ஸ்டூலை இழுத்துத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"நீங்க வண்டி ஓட்டப் போறீங்களா, இல்ல வாக்கப்பட்டுப் போறீங்களா? என்னதான் வேணும் உங்களுக்கு?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நின்றபடியே சொன்னார். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். அவரும் வடக்கே போகிற லாரியில் டிரைவர். குஜராத் பக்கம் போனபோது நெஞ்சுவலி வந்து வண்டியிலேயே இறந்துவிட்டார். உடம்பு சரியில்லை என்று மட்டும் கம்பெனியிலிருந்து ஒரு போன் வந்தது. பிறகு அந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை. சில நாள் கழித்து ஓர் ஆம்புலன்ஸ் ஊருக்குள் வந்தது. கூட ஒருவரும் இல்லை. ஓட்டி வந்தவர் வெளியூர்க்காரர், வீடு தெரியாது. குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு பெண்ணிடம் வண்டியை நிறுத்தி, இறந்தவர் பெயரைச் சொல்லி, இந்தப் பிணத்தை எந்த வீட்டில் இறக்க வேண்டும் என்று கேட்டார்.

"அவரு கேட்டது எங்க அண்ணிகிட்டங்க" என்றார் சம்பந்தி.

வெளியே ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"போறதுக்குப் பயமில்லீங்க. ஒண்ணு ஆச்சுன்னா, வூடு தெரிஞ்ச ஆளு கூட்டியாந்து விடணும். செல்விகிட்ட எவனும் வந்து வழி கேக்கக் கூடாது. இதை நாமளா கேட்டு வாங்க முடியாது சார். அவங்களுக்கா தோணணும்."

ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அதன்பிறகு எத்தனை கம்பெனி ஏறி இறங்கினாலும் நான் அவரை அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் அரியலூரிலேயே ஒரு டயர் கடைக்குப் பின்னால் ஆபீஸ் வைத்திருந்த ஒருவரிடம் போனோம். உடையார்பாளையத்துக்காரர். இரண்டு மூன்று லாரிதான் ஓடியது. டீக்கடை விசாரணையே தேறவில்லை. முன்கோபி, யாரிடமும் சிரிக்க மாட்டார் என்றுதான் சொன்னார்கள். நாங்கள் போனபோதும் போனில் யாரையோ காய்ச்சிக்கொண்டிருந்தார். டீ வந்தது, வழக்கம்போல ஆறியது. லைசென்ஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"வாலிகண்டபுரத்துல வூடு எங்க?"

சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோயிலத் தாண்டிங்க."

"தாண்டின்னா?"

"தாண்டி ரெண்டாவது சந்து."

"எதிர்ல அடையாளம் என்ன?"

"தண்ணித் தொட்டிங்க. பச்சக் கதவு."

அவர் வாய்க்குள் ஒருமுறை முணுமுணுத்துக்கொண்டு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். வீடு தெரியாத ஆளிடம் வண்டிச் சாவி கொடுப்பதில்லை என்று, அதையும் திட்டுவது போலவே சொன்னார்.

செல்வி அக்கா புருஷனைப் பார்த்தார். சம்பந்தி ஏடு படிந்த டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அக்காவும் குடித்தார். நானும் குடித்தேன். சம்பளத்தை நான்தான் கேட்டுப் பேசி முடிக்க வேண்டியிருந்தது.

மறுவருஷம் மழைக்காலத்தில் நாக்பூர் பக்கம் சம்பந்திக்கு மஞ்சள் காமாலை கண்டு, அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். போன் வந்ததும் அந்த உடையார்பாளையத்து ஓனர் ஆபீஸைப் பூட்டினார். ஈரத்துணியில் ஒரு கட்டுக் கீழாநெல்லியைச் சுருட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. அங்கே டாக்டர், நர்ஸ், வாட்ச்மேன் எல்லோரையும் சுத்தமான உடையார்பாளையம் தமிழில் அதட்டியதாகவும், யாருக்கும் புரியாவிட்டாலும் எல்லோரும் பயந்து ஓடி ஓடிக் கவனித்ததாகவும் சம்பந்தி பிறகு சொன்னார்.

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. அவர்கள் திரும்பி வந்த அன்று கார் எடுத்துக்கொண்டு அரியலூர் ஸ்டேஷனுக்குப் போனேன். சம்பந்தி பாதியாக இளைத்திருந்தார். பின்சீட்டில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஓனர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் அதற்குமுன் வாலிகண்டபுரம் வந்ததே இல்லை. ஊருக்குள் நுழைந்ததும் வழி சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கார் டிரைவரிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"கோயிலத் தாண்டி ரெண்டாவது சந்து. எதிர்ல தண்ணித் தொட்டி. பச்சக் கதவு."

குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். அந்த அண்ணியும் அவர்களில் இருந்தாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கார் அங்கே நிற்காமல் போயிற்று.

பச்சைக் கதவருகே செல்வி அக்கா நின்றிருந்தார். ஓனர் சம்பந்தியைக் கைத்தாங்கலாக இறக்கி, "வந்துட்டாரும்மா. பத்தியமாப் பாத்துக்குங்க" என்றார். அக்கா அவரை நோக்கிக் கும்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உடம்பு தேறியதும் ஓனருக்கு இலை போட்டு வடை பாயசத்தோடு விருந்து நடந்தது. சம்பந்தி உபசரித்த உபசரிப்பில் அந்த மனிதர் முதல் தடவையாகச் சிரித்ததை நானே பார்த்தேன். சம்பந்தி இன்றும் அவர் வண்டியைத்தான் ஓட்டுகிறார்.

அந்த விருந்துக்குப் பிறகு, மறுபடி வடக்கே லைனுக்குக் கிளம்பும்முன் ஒருநாள் சம்பந்தி என் ஆபீஸுக்கு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆபீஸுக்கு மேலே மாடி ரூமில் தனியாக இருக்கிறவன் நான். அப்பா அம்மா இருப்பது செட்டிகுளத்தில். அவர் மாடிப்படியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"செட்டிகுளத்துல உங்க வூடு எங்க சார்?"

மலைக்கோயில் அடிவாரத்திலிருந்து எப்படித் திரும்ப வேண்டும் என்று சொன்னேன். அடையாளம் கேட்டார். வாசலில் முருங்கைமரம் என்றேன். இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அதை என்னிடம் வேறு யாரும் கேட்டதில்லை.